பகலில் உறங்க இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

தென்காசிப் பக்கம் ஒரு பெண் பி.எஸ்சி. நர்சிங் முடித்தால் ஊர் அவளிடம் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது வெளிநாடு?" இரண்டாவது கேள்வி, "அங்கே எத்தனை லட்சம் தருவார்கள்?" இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடக்கின்றன என்பதும், அவற்றைச் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய மருத்துவமனை வார்டில் கழித்தால்தான் வெளிநாட்டு விண்ணப்பத்தையே திறந்து பார்ப்பார்கள் என்பதும் கேட்பவர்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, "துபாய்க்குப் போகிறவள் மெட்ராசில் எதற்கு இறங்க வேண்டும்?" என்று கேட்டாள்.

அந்த நடுவாண்டுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளிநாடு போவது எப்படி என்று சொல்லித்தர ஆள் ஏராளம். முதல் வேலைக்குச் சொந்த மாநிலத்துக்குள்ளேயே ஊர் மாறுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் குறைவு.

எங்கள் ஊர் கடையநல்லூருக்குப் பக்கம். பக்கத்து டவுன்களில் தனியார் மருத்துவமனைகள் இல்லாமல் இல்லை. இருபது, முப்பது படுக்கை, ஒரு டாக்டர் தம்பதி, கீழே மருந்துக்கடை. அங்கே பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஊசி போடப் பழகிக்கொண்ட அக்காவும் நானும் ஒரே கவுன்டரில் நிற்போம், சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அக்காக்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் சிலருக்கு இருக்கும் கைராசி எனக்கு இன்றும் வரவில்லை. ஆனால் அங்கே வென்டிலேட்டர் இல்லை, ஐ.சி.யு. இல்லை. பிற்பாடு வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கும்போது, வேலை பார்த்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். இருபது படுக்கை என்று எழுதினால் பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

கடனும் இருந்தது. கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. அந்த ஓராண்டிலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை வங்கியில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அரசு வேலைக்குக் காத்திருக்கலாமே என்று மாமா சொன்னார். தமிழ்நாட்டில் 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது, நாங்கள் எம்.ஆர்.பி. என்போம். 2015-இல் அதன் தேர்வு எழுதி ஆயிரக்கணக்கில் உள்ளே போனவர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது எங்கள் ஆசிரியைகளுக்கெல்லாம் நினைவிருக்கிறது. அரசு வேலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுங்கள் என்பேன். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்ற நர்சிங் அதிகாரி தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900. அதற்காக வீட்டில் உட்கார்ந்து படித்த தோழிகளும் உண்டு, இரவுப் பணிக்கு இடையே படித்துத் தேறியவர்களும் உண்டு. வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு ஆறு மாதம் கழிந்ததும் ஊர் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை காகித வேலைகள். சலிப்பான விஷயம்தான், ஆனாலும் இதில்தான் பலரும் அல்லாடுகிறார்கள். படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். அலுவலகம் சென்னை மயிலாப்பூரில், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அந்தப் பதிவு எண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் உங்களை 'டிரெய்னி' என்று எழுதி, பாதிச் சம்பளத்தைக் கையில் வைப்பார்கள். வேலை மட்டும் முழுதாக இருக்கும். வேறு மாநிலத்துக்குப் போவதென்றால் இங்கே தடையில்லாச் சான்று வாங்கி அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். என் வகுப்புத் தோழி பெங்களூருக்குச் சேர்ந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினாள். அந்தக் காகிதம் வந்து சேரும் வரை அவளைத் தனியாக ஒரு நோயாளியைக் கவனிக்க விடவில்லை, சம்பளத்தையும் உயர்த்தவில்லை.

இன்னொன்று, டிரான்ஸ்கிரிப்ட். நான்கு ஆண்டுகளில் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று கல்லூரி முத்திரையுடன் தரும் தாள். அயல்நாட்டுக் கவுன்சில்கள் முதலில் கேட்பவற்றில் இதுவும் ஒன்று. கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று பிரதிகள் வாங்கி உறையிலிட்டு ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் போனால் முதல்வர் மாறியிருப்பார், கிளார்க் மாறியிருப்பார், பழைய மாணவி என்று யாருக்கும் அடையாளம் தெரியாது.

இனி நேர்காணல். பொதிகை ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி, மாமாவுடன் நகருக்குள் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். எழுத்துத் தேர்வு எளிது: டிரிப்ஸ் இறங்கும் வேகம் கணக்கிடுவது, இன்சுலின் வகைகள், உயிர் மீட்பு முதலுதவியில் மார்பு அழுத்தத்தின் எண்ணிக்கை. நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் நன்றாகத்தான் பேசினார். அடுத்து மனிதவளப் பிரிவு. மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் கோப்பைப் புரட்டாமலேயே, "ஒரிஜினல் எல்லாவற்றையும் இங்கே கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருடம் பாண்ட்" என்றார்.

"நகல் தருகிறேன் சார். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்."

"எல்லோரும் கொடுக்கிறார்கள். உனக்கு மட்டும் என்னம்மா?"

"அப்படியென்றால் வாங்கிக்கொண்டதாக லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுப்பீர்களா சார்?"

அவர் மாமாவைப் பார்த்தார். பெண்ணிடம் பேச வேண்டியதை மாமாவிடம் பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பார். மாமா எலெக்ட்ரீஷியன், வயரைத் தொடும் முன் மெயினை அணைக்கிறவர். "எழுதிக் கொடுங்கள் சார், கொடுத்துவிடுவாள்" என்றார். எழுதித் தரும் வழக்கம் இல்லையாம். நாங்கள் எழுந்துவிட்டோம்.

இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் பாண்ட் இருக்கிறது. 'பயிற்சிக் கட்டணம்', 'சேவை ஒப்பந்தம்' என்று பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வேறு, சான்றிதழை ஒப்படைப்பது வேறு என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஓராண்டுக்குள் போனால் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்றால் அது கணக்கில் அடங்கும் ஒரு தொகை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டம் வரை அவர்களுடைய பீரோவில் இருக்கிறது என்றால், நீங்கள் வேறு எங்கும் நகர முடியாது. எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி வேறொரு மருத்துவமனையில் அப்படிக் கொடுத்திருந்தாள். எம்.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது அசலைக் கேட்டாள். பாண்ட் தொகையைக் கட்டிவிட்டு எடுத்துப் போகச் சொன்னார்கள். அவளுடைய அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

எனக்கு வேலை கிடைத்தது போரூர் பக்கம், முந்நூறு படுக்கைக்கு மேல் உள்ள ஒரு மருத்துவமனையில். நகல் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சம்பளம் 16,000. அதில் அடிப்படை 12,000 என்று பிரித்திருந்தார்கள், பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120 போகக் கைக்கு வருவது சுமார் 14,400.

இங்கே ஒரு தகவல். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸின் சம்பளத்துக்கு இணையாக வேண்டும் என்றது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. நேர்காணலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. "இதுவே பெரிய சம்பளம்" என்று சொல்கிறவர் முன்னால் நன்றி சொல்லிக் குழையாமல் இருக்க உதவும்.

பி.எஃப். பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டாம். மாதா மாதம் உங்கள் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணின் கணக்கில் விழும் தொகை, அந்த மருத்துவமனையில் அந்த மாதம் நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அரசு ஏட்டில் உள்ள சாட்சி. நாளைக்கு அனுபவச் சான்று தர அவர்கள் முரண்டு பிடித்தாலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வேலை உறுதியானதும் எல்லோரும் தேடுவது மலிவான ஹாஸ்டலை. மருத்துவமனை விடுதியில் இடம் இல்லை என்றதால் எனக்கும் வெளியேதான் ஏற்பாடு. நான்கு பேர் ஓர் அறை. மற்ற மூவரும் ஐ.டி. கம்பெனிப் பெண்கள். தங்கமான பெண்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹாஸ்டல் முழுவதுமே காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்காக அமைந்தது. இரவுப் பணி முடித்து எட்டரை மணிக்கு நான் வந்தால் குளியலறைக்கு வரிசை. ஒன்பதரைக்கு மேல் தொட்டியில் தண்ணீர் இருக்காது. மோட்டார் அடுத்து மாலைதான். பத்து மணிக்குக் கண்ணை மூடினால் பெருக்க வரும் அம்மா கட்டிலை நகர்த்துவார். மதியச் சாப்பாடு ஒன்றரைக்குள். எழுந்து சாப்பிட்டால் தூக்கம் போச்சு, தூங்கினால் சாப்பாடு போச்சு. அறை மேற்குப் பார்த்தது. மே மாதத்தில் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரைத் தொட்டால் கையைச் சுடும். மாலை ஆறரை மணிக்கு மறுபடியும் கிளம்ப வேண்டும். வாசலில் வார்டன், "இந்த நேரத்துக்கு எங்கே போகிறாய்?" என்பார். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி.

இதை வசதிக் குறைவு என்று மட்டும் நினைக்காதீர்கள். தூங்காத நர்ஸ் அதிகாலை நான்கு மணிக்கு மருந்து கணக்கிடுகிறாள். எங்கள் ஐ.சி.யு.வில் பொட்டாசியம் குளோரைடு, ஹெப்பாரின், இன்சுலின் போன்றவற்றை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது விதி. பொட்டாசியம் வேகமாக உள்ளே போனால் இதயம் நின்றுவிடும். இரண்டாவது ஜோடிக் கண் எதற்கு என்றால், முதல் ஜோடிக்கு உறக்கம் போதாமல் இருக்கலாம் என்பதற்காகவும்தான். சம்பளத்தில் இரண்டாயிரம் கூடுதல் என்று பார்த்து, உறங்க முடியாத இடத்தில் தங்குவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

என் வார்டில் வேலை பார்த்த இரண்டு பேருடன் சேர்ந்து வீடு தேடினோம். ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி திருவண்ணாமலை. நர்ஸ் என்றதும் வீட்டுக்காரர்கள் முகத்தில் ஒரு தயக்கம். ஒரு வீட்டில் அந்த அம்மா வெளிப்படையாகவே கேட்டார்: "ராத்திரி போய்க் காலையில் வருவீர்கள் என்றால் தெருவில் என்ன பேசுவார்கள்?"

நாகர்கோவில்காரி சளைக்கவில்லை. "அம்மா, ராத்திரி உங்களுக்கு நெஞ்சு வலித்தால் தெருக்காரர்களையா கூப்பிடுவீர்கள்?"

வீடு கிடைத்தது. ஒரு படுக்கையறை, சிறு ஹால், கீழ்த்தளம் என்பதால் வெயில் இல்லை. சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தோம். முதல் வாரத்திலிருந்தே வீட்டுக்கார அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது எங்கள் பொறுப்பாகிவிட்டது; பிறகு பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை, எதிர்வீட்டுப் பாட்டிக்குக் காலில் கட்டு. எங்களைப் பற்றிப் பேசியிருக்கக்கூடிய தெரு எங்களிடமே வரிசையில் நின்றது. மூவரும் வேறு வேறு ஷிஃப்டில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் தூங்குவார், ஒருவர் சமைப்பார், ஒருவர் பணியில் இருப்பார். கதவை மெதுவாகச் சாத்த வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீடு எடுக்க முன்பணம் இல்லாதவர்கள் அரசின் 'தோழி' விடுதிகளை விசாரியுங்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே கட்டியவை. தனியார் விடுதி என்றால் பார்க்கப் போகும்போது பகல் பதினோரு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் அங்கே எவ்வளவு சத்தம், குழாயில் தண்ணீர் வருகிறதா, சாப்பாட்டை எடுத்து மூடி வைப்பார்களா என்று பாருங்கள். மாலையில் போய்ப் பார்த்தால் எல்லா ஹாஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நேர் பஸ் இருந்தால் பெரிய மிச்சம். 2021 முதல் மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை ஷிஃப்டுக்கு ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் அந்தப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை ஒரு நாள் நின்று பார்த்துவிடுங்கள்.

கையில் எவ்வளவு பணத்துடன் கிளம்புவது? குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கு. இருபதாம் தேதி சேர்ந்தால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது. சீருடை, ஷூ, அடையாள அட்டை என்று முதல் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். இதை வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் மாதம் பணம் அனுப்பவில்லை என்று அம்மா கலங்கிப் போவாள்.

வார்டைப் பற்றி. நேர்காணலில், "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பலரும் "இல்லை மேடம்" என்று எழுந்துவிடுகிறார்கள். அங்கேதான் கேட்க வேண்டும். இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்பது ஐ.சி.யு. நியதி; பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர் என்பது தர அங்கீகாரம் எதிர்பார்க்கும் அளவு. பதினைந்து பேர் என்று பதில் வந்தால் அங்கே நீங்கள் கற்கப் போவது ஓடுவதற்கு மட்டும்தான். எத்தனை வாரம் சீனியருடன் நிற்கலாம், எந்தப் பிரிவில் போடுவீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்டு மாற்றுவீர்களா என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, வார்டு வார்டாக மாறிக்கொண்டே இருப்பதைவிட ஒரே பிரிவில் இரண்டு ஆண்டு நிற்பது பின்னால் பயன்படுகிறது. "ஐ.சி.யு. நர்ஸ்" என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

எனக்குக் கிடைத்த இன்சார்ஜ் சிஸ்டர் ஐம்பதை நெருங்கியவர். புது நர்ஸ் என்றால் எல்லோருக்கும் நடுக்கம், மருந்து ஏற்றும் குழலான கேனுலாவை நரம்பில் போடுவதில்தான். கல்லூரியில் பொம்மைக் கையில் போட்டிருப்போம். பொம்மைக்கு நரம்பு ஓடாது. முதல் வாரம் ஒரு பெரியவர், கீமோதெரபி முடித்தவர். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு நரம்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பச்சை கேனுலாவை எடுத்தேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து வைத்துவிட்டு நீலத்தைக் கொடுத்தார். பச்சை 18, நீலம் 22. எண் கூடினால் ஊசி மெலிது. கையை இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையைக் கட்டி, பெரியவரின் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொன்னார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தோல் மேல் வைத்தார். "கண்ணை எடு. விரலால் தேடு. அழுத்தினால் திரும்பி வருகிறதா பார். வந்தால் நரம்பு, வராவிட்டால் தசைநார்." மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கம், ரப்பர் போல ஒன்று விரலுக்குத் திரும்பி வந்தது. தோலை இழுத்துப் பிடித்து, சரிவாக நுழைத்ததும் பின்னால் இருந்த சிறு அறையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. "இப்போது படுக்கவை, இன்னும் கொஞ்சம் உள்ளே, ஊசியை எடுக்காமல் குழலை மட்டும் தள்ளு." பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. "பெண்ணுக்கு எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஒரு சிஸ்டர் இருக்கும் வார்டு, சம்பளத்தில் இரண்டாயிரம் குறைந்தாலும் போக வேண்டிய வார்டு. அதை நேர்காணல் அறையில் கண்டுபிடிக்க முடியாது. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு சீனியரைப் பிடித்து, "புதுப் பிள்ளைகளைத் திட்டுவார்களா, கற்றுத்தருவார்களா?" என்று கேட்டால் போதும். கல்லூரியின் சீனியர் அக்காக்களின் எண்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பையன்களுக்கு நிலைமை தலைகீழ். எங்கள் வகுப்பு ஆண் நர்ஸ்களுக்கு அறை ஒரே நாளில் கிடைத்தது, வேலை கிடைக்கத்தான் நாளானது. பல மருத்துவமனைகள் பொது வார்டுக்கு ஆண்களை எடுப்பதில்லை. டயாலிசிஸ், அறுவை அரங்கு, அவசரச் சிகிச்சைப் பிரிவு என்று கேட்டுப் போனவர்களுக்குக் கதவு திறந்தது. நார்செட்டில் எய்ம்ஸ் இடங்களுக்கும் ஆண்களுக்கு 20 சதவீதம், பெண்களுக்கு 80 சதவீதம் என்றுதான் ஒதுக்கி வந்தார்கள்.

மொழி ஒரு பெரிய சிக்கல் ஆகவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு முதல் இரண்டு வாரம் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சென்னைக்கு வங்காளம், அசாம், வங்கதேசத்திலிருந்து நோயாளிகள் நிறைய வருவார்கள். வலி, தண்ணீர், மூச்சு, சிறுநீர் ஆகியவற்றுக்கு இந்தியிலும் வங்காளியிலும் என்ன சொல்வார்கள் என்று சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நடுராத்திரியில் அந்த நான்கு சொல் போதும்.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது என்பதை முதல் ஆண்டே வீட்டில் சொல்லிப் பழக்கிவிடுங்கள். கல்யாணம் ஆனவர்களுக்கும் குழந்தை உள்ளவர்களுக்கும் விடுப்பில் முன்னுரிமை. எழுதாத சட்டம் அது. எனக்கு அதில் கோபம் உண்டு. தனியாக இருப்பவளுக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள்தானே.

இனி, போகும் பாதைக்கான ஏற்பாடு. சேர்ந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். நியமன ஆணை, ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் விழுந்த வங்கிப் பக்கம் இவற்றை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். செய்த சிகிச்சை முறைகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், நோயாளியின் பெயர் இல்லாமல். உயிர் மீட்பு முதலுதவிப் பயிற்சிக்கான பி.எல்.எஸ். சான்று இரண்டு ஆண்டுக்கு மட்டுமே செல்லும், காலாவதித் தேதியைப் பாருங்கள். அனுபவச் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரப் பணி, பிரிவு, மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டும். வளைகுடாவுக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் அந்தச் சான்றை வழங்கிய இடத்துக்கே எழுதிச் சரிபார்க்கும். காசு கொடுத்து அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அவர் உங்களை அந்தச் சரிபார்ப்பில் சிக்க வைக்கப்போகிறார் என்று பொருள்.

ஏஜென்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. நர்ஸ்களுக்கான அறிவிப்புகள் அங்கே அடிக்கடி வரும். முதல் ஆண்டிலேயே பிரிட்டன், ஜெர்மனி என்று மயங்க வேண்டாம், ஆனால் மொழியை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி-2 நிலை வேண்டும்; பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு. எங்கள் வீட்டில் திருவண்ணாமலைக்காரி ஜெர்மன் வினைச்சொற்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். குழம்பு தாளிக்கும்போது எனக்கும் சில மனப்பாடம் ஆகிவிட்டன.

விலகும்போது வார்டில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். நியமன ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, ராஜினாமாவை மேட்ரனுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைப்பார்கள், வருவதற்குத் தாமதமாகும். நூலகம், மருந்தகம், விடுதி, சீருடை என்று ஒவ்வொரு மேசையிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கச் சொல்வார்கள். அவற்றில் ஒரு மேசைக்காரர் எப்போதும் விடுப்பில் இருப்பார். பணியிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றும் கையில் வரும் வரை ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம்.